பதினொன்றாம் கேள்வி

மீன்கடைக்கு மேல்மாடி,
மாதம் இருநூற்றெண்பது யூரோ,
படியேறும்போதே செருப்போடு ஒட்டிவரும் செதில்.
அம்மா இதைத்தான் பிடித்தாள்.
வாடை போகாது என்றேன்.
"பிள்ளை வளர்த்த மூக்குக்கு
இதெல்லாம் ஒரு வாடையா" என்றாள்.

அமடோராவில் வெயில் உச்சம்.
பலகை எழுதுவது என் வேலை.
அச்சுக்கடை லூர்தெஸ் சொன்ன பெயர்கள்
சிறகு, தொட்டில், தேவதை.
அம்மா ஒவ்வொன்றாக அடித்தாள்.
"தேவதைக்கு யாரடா சம்பளம் கொடுப்பான்?"
கடைசியில் நீலச் சாயத்தில்:
ஜுல்மிரா.
குழந்தை பார்க்க ஆள்.
மணிக்கணக்கில் கூலி.
கடைசிச் சொல்லில் நீலம் தீர்ந்து
சிவப்பில் முடித்தேன்.
அது அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

பத்தொன்பது வருடம், நான்கு வீடு, ஏழு பிள்ளைகள்.
முதல் வீட்டு தோமாஸுக்கு முந்திரி ஆகாது.
இரண்டாம் வீட்டுச் சின்னவள்
சலவை எந்திரம் ஓடினால்தான் தூங்குவாள்.
இதெல்லாம் எங்கும் எழுதிவைத்ததில்லை.
எழுத்தில் இருந்தது ஒரே ஒரு தாள்,
பழைய ஏஜென்சியில் அவள் சேர்ந்த நாளின் படிவம்,
நான்காக மடித்தது.
"இதைப் பார்த்து நமக்கும் ஒன்று அடி."

அடித்தேன்.
பெயர். பிறந்த தீவு. பாஸ்போர்ட் எண்.
நீச்சல் தெரியுமா.
நாய் என்றால் பயமா.
பதினொன்று: சொந்தக் குழந்தைகள்?
எதிரே அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில்
இல்லை.

அந்த இல்லை நான்தான்.
அப்போது எனக்கு ஆறு வயது.
மிந்தெலோவில், பெரியம்மா வீட்டில்,
முன்பல் விழுந்த வாயால்
அவளிடம் டெலிபோனில் ஏதோ
உளறிக்கொண்டிருந்திருப்பேன்.

என் விரல் நின்றதை அம்மா பார்த்தாள்.
ஜன்னலைச் சாத்தப் போனாள்.
அது சாத்தித்தான் இருந்தது.
"உண்டு என்று எழுதினவளை
அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை.
எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள்.
பச்சைக் குடை வைத்திருந்தாள்."
அதோடு பேச்சை விட்டுவிட்டு
அரிசிப் பையை எடுத்தாள்.

ஐந்து கிலோ, துண்டில் சுற்றியது.
வேலை கேட்டு வருகிறவர்களுக்கு அதுதான் பரீட்சை.
கார் இருக்கையிலிருந்து எடுப்பதுபோல் எடு,
மூன்று மாடி ஏறு,
கட்டிலில் கிடத்து, விழிக்கக் கூடாது.
அரிசி எப்படி விழிக்கும் என்று கேட்டவர்கள்
அப்படியே திரும்பிப் போனார்கள்.

மூன்றாவதாக எர்மெலிந்தா.
இடுப்பில் இரண்டு வயதுப் பெண்.
விட்டுவர ஆளில்லை என்று
வாசலிலேயே மன்னிப்புக் கேட்டாள்.
அம்மா சிரிக்கவில்லை.
பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்தாள்,
அரிசியை அவள் கையில் கொடுத்தாள்.
எர்மெலிந்தா ஏறி இறங்கும்வரை
அந்தச் சின்னவள் என் சட்டைப் பொத்தானை
நகைக்கடைக்காரன்போல் உரசி உரசிப் பார்த்தாள்.

பதினொன்றை எடுத்துவிடவா என்றேன்.
"இருக்கட்டும்.
கேள்வி என்ன பாவம் செய்தது?
அதற்குக் கீழே இன்னொன்று சேர்:
பிள்ளையோடு எத்தனை மணிக்குப் பேசுவாய்.
அந்த அரைமணி நேரம்
யார் அழுதாலும் வேலை கிடையாது.
ஒப்பந்தத்தில் போடு, பெரிய எழுத்தில்."

வியாழக்கிழமை முதல் அழைப்பு.
ரெஸ்டெலோவிலிருந்து தணிந்த குரல்,
இரட்டைப் பிள்ளைகள், ஒன்பது மாதம்.
எல்லாம் பேசி முடித்து, கொஞ்சம் தயங்கி:
அந்தப் பெண்ணுக்குச் சொந்தத்தில் யாரும்...

அம்மா போனை மறுகாதுக்கு மாற்றினாள்.
என் பக்கம் திரும்பவில்லை.
"உண்டு. ஒரு மகள்.
அதனால்தான் மணிக்கு ஒரு யூரோ கூடுதல்."

மறுமுனையில் சத்தமில்லை.
கீழே மீன்கடையில் ஐஸ் கொட்டினார்கள்.
அம்மா காத்திருந்தாள்,
எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி,
தூங்க மறுக்கும் பிள்ளையைத் தோளில் போட்டவள்போல்
லேசாக ஆடிக்கொண்டு.